சந்தேகப்படுகிறவனுக்கு ஐம்பத்திரண்டு

எனக்கு இந்த ஊரில் யாரையும் பிடிக்காது. மெய்மானியைக் கட்டிக்கொண்டு இதைச் சொன்னபோது தொண்ணூற்றொன்பது காட்டியது. ஆகவே இது சட்டப்படி அச்சிடத்தக்க கூற்று.

என் பெயர் தனபாக்கியம். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் பிறத்தியாரின் மனுக்களைப் படித்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு பத்து வருஷமாக ‘அந்திச்சேதி’ என்ற மாலைப் பத்திரிகையில் ‘காலையில் படித்தேன்’ என்று ஒரு பத்தி எழுதுகிறேன். காலையில் செய்தியைப் படிப்பேன், வயிறு எரியும், மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். கட்சி மாறிய எம்.எல்.ஏ., ஏரியை வளைத்துக் காலேஜ் கட்டிய கல்வித் தந்தை, ஹெலிகாப்டரில் வந்து எளிமையைப் போதித்த சாமியார் எல்லோரும் என் பத்தியில் அடி வாங்கியிருக்கிறார்கள். ஒருவரும் திருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு மெய்ச்சட்டம் வந்தது. பொய்ச்செய்தி பெருகி இரண்டு மாவட்டங்களில் கலவரமாகி ஊர் ஊராய் எரிந்த பிறகு கொண்டுவந்த சட்டம். அதன்படி, செய்தியைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கும் எவரும் மெய்மானியைக் கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை மாதிரி கையில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒரு கிளிப், அவ்வளவுதான். ஒரு வாக்கியம் சொன்னால் ஓர் எண் வரும். சொல்பவர் அதை மனதார நம்புகிறாரா என்பதற்கான எண் அது. அறுபதுக்குக் கீழே வந்தால் அச்சிடக் கூடாது, ஒளிபரப்பக் கூடாது, விசாரணையில் பதிவு செய்யவும் கூடாது. ஊர் வாயில் அது வெறும் மானி.

நான் அந்தச் சட்டத்தை வரவேற்றுப் பத்தி எழுதினேன். கூலிக்குப் பேசுகிற வாய்களெல்லாம் இனி அடைபடும் என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மகா முட்டாள்தனமான பத்தி அது. அதற்குத் தொண்ணூற்றைந்து வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் நிஜமாகவே நன்றாக இருந்தது. கூலிக்கு மாரடித்தவர்கள் டி.வி.யிலிருந்து காணாமல் போனார்கள். பிறகு கட்சிகளும் மடங்களும் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. கெட்டிக்காரனைப் பேச அனுப்பினால்தானே எண் இறங்கும்? முழு மூடனை அனுப்பினார்கள். அவனுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. மூன்று கட்சி மாறிய எங்கள் எம்.எல்.ஏ. மூன்று கட்சியிலும் தொண்ணூற்றுமூன்று வாங்கினார். அவர் ஏமாற்றவில்லை. எந்தத் துண்டைப் போட்டாலும் அதை முழு மனதோடு போடுகிற மனிதர்.

வருஷத்துக்கு ஒருமுறை மானியைச் சரிபார்க்க வரும் நிலோபர் என்ற பெண்ணிடம் இதைக் கேட்டேன்.

“இது உண்மையை அளக்குற மெஷின் இல்லைங்க மேடம்,” என்றாள் அவள், கிளிப்பைத் துடைத்துக்கொண்டே. “நீங்க ஒண்ணு சொல்லும்போது உங்களுக்குள்ளயே இன்னொரு குரல் ‘அப்படியா?’ன்னு கேக்குமில்ல? அந்தக் குரல் எவ்வளவு சத்தமா கேக்குதுன்னு பாக்குது. சத்தம் கம்மியா இருந்தா நம்பர் ஏறும்.”

“அந்தக் குரலே இல்லாதவனுக்கு?”

“நூறு. எங்க டிரெயினிங்ல ஒரே ஒருத்தருக்கு நூறு வந்துச்சு.”

“யாரு?”

“பேர் சொல்லக் கூடாது மேடம். இப்ப மந்திரியா இருக்காரு.”

இந்த லட்சணத்தில்தான் எங்கள் செங்கரம்பூரில் அந்த ஆடி மூன்றாம் வெள்ளி வந்தது.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குடித்தவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வாந்தி பேதி. மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒன்று ஆறு வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் அப்பா பேப்பருக்குக் கொடுத்த போட்டோவில் அது புதுச் சட்டையின் விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அன்று பத்தி எழுதவில்லை. எழுத முடியவில்லை.

கூழ் கரைக்க இரண்டு இடத்திலிருந்து தண்ணீர் வந்திருந்தது. ஒன்று பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டி. இன்னொன்று ‘தேவதாரை’ குடிநீர் கம்பெனி தன் பேனரைக் கட்டிக்கொண்டு இலவசமாகக் கொடுத்த எண்பது கேன். இரண்டையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கியிருந்தார்கள். மீந்த கூழில் கிருமி இருந்தது. எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை. கேன்களைக் கம்பெனி வண்டி அன்று மத்தியானமே அள்ளிக்கொண்டு போய்விட்டது. தொட்டியைப் பேரூராட்சி அதிகாரி அன்று சாயங்காலமே கழுவச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அவ்வளவு சுத்தத்தில் அக்கறை.

தடயம் இல்லாவிட்டால் என்ன, மானி இருக்கிறதே.

தேவதாரை முதலாளி ஜெயவேல் பட்டையைக் கட்டிக்கொண்டு, “எங்கள் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை” என்றார். தொண்ணூற்றேழு. அந்த ஆள் தன் கம்பெனிப் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனி தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கே இரண்டு மேனேஜர் வைத்திருக்கிறார். கோயில் கமிட்டித் தலைவர் தண்டாயுதம், “அம்மன் கூழில் விஷம் வைக்க நினைத்தவர்கள் யார் என்று இந்த ஊருக்குத் தெரியும்” என்றார். தொண்ணூற்றாறு.

தொட்டிக்குப் பொறுப்பான ஆபரேட்டரின் பெயர் சவரிராயன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தண்டாயுதம் சொன்னதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. தொட்டியின் மூடி அன்று காலை திறந்து கிடந்தது, காக்கையோ குரங்கோ எதையோ உள்ளே போட்டிருக்கிறது, அல்லது வேண்டுமென்றே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. சவரிராயன் டி.வி.க்காரர்கள் முன்னால் பட்டையைக் கட்டிக்கொண்டு, “முந்தின நாள் நான் மூடியை மூடிட்டுதான் இறங்கினேன்” என்றார்.

ஐம்பத்திரண்டு. வாக்கியத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டினார்கள். அந்த ஆளின் சொல்லுக்கு அதோடு மதிப்புப் போனது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். உள்ளே வரும்போது கேட்டைச் சாத்தினார். இரண்டடி வந்தவர் திரும்பிப் போய் அது சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“நீங்கதானம்மா எல்லாரையும் திட்டி எழுதுறது? எனக்காக யாரையாவது கொஞ்சம் திட்டி எழுதணும்.”

“மூடியை மூடினீங்களா இல்லையா?”

“மூடினேம்மா.”

“அப்புறம் ஏன் ஐம்பத்திரண்டு?”

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷமா தினம் மூடுறேன். மூடுறது கண்ணு முன்னாடி நிக்குது. கையில அந்த இரும்போட சூடுகூட இருக்கு. ஆனா அது வியாழக்கிழமை மூடினதா, புதன்கிழமை மூடினதா, போன வருஷம் மூடினதான்னு எப்படிம்மா பிரிச்சுச் சொல்றது? மூடினேன்னு சொல்லும்போதே உள்ளுக்குள்ள ‘டேய், நல்லா யோசிச்சுப் பார்ரா’ன்னு ஒண்ணு கேக்குது. அது எப்பவும் கேக்கும். வீட்டுப் பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்குறவன் நான்.”

மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறவனுக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு வருஷமாகக் கிணற்றை எட்டிப் பார்க்காதவனுக்குத் தொண்ணூற்றேழு. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை எறிந்திருப்பேன். எவர்சில்வர், உடையாது என்பதால் எறியவில்லை.

“வர்ற வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல விசாரணைக் குழு உக்காருதும்மா. அதுக்குள்ள எனக்கு அறுபது வரலைன்னா மூணு பேர் சாவும் என் தலையிலதான். ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க.”

“போங்க, எழுதறேன்,” என்றேன்.

அவர் போன பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டேன். “சவரிராயன் மூடியை மூடிவிட்டுத்தான் இறங்கினார்” என்றேன். நாற்பத்தொன்பது. காப்பி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். நாற்பத்தேழு. முப்பது வருஷம் மனுக்களைப் படித்தவளுக்கு யார் பேச்சையும் முழுசாக நம்ப வராது. அவர் நல்லவர் என்று தெரிந்தது. மூடியை மூடினாரா என்று தெரியவில்லை. என் மண்டையில் அந்த இன்னொரு குரல் மைக் வைத்துக் கத்தியது.

கடைசியில் எனக்கு எது நிச்சயமாகத் தெரியுமோ அதையே சொல்வது என்று முடிவு செய்தேன். “சவரிராயன் மூடினாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு மனிதனை அடித்துக் கொல்லாதீர்கள்.” முதல் வாக்கியத்துக்குத் தொண்ணூற்றெட்டு, அடுத்ததற்குத் தொண்ணூற்றைந்து, மூன்றாவதற்கு எழுபது. இதைவிட நேர்மையாக என்னால் எழுத முடியாது என்று நினைத்தேன். ஆசிரியர் கலியமூர்த்தி போன் செய்து, “பிரமாதம்மா, நம்ம ஊர்ல சந்தேகத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கினது நீங்க ஒருத்தர்தான்” என்றார். நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலமே எல்லா சேனலிலும் என் போட்டோ. கீழே ஒரே வரி: ‘சவரிராயன் மூடினாரா என்று எனக்குத் தெரியாது. ஆதரித்து எழுதியவரே ஒப்புதல். மெய்யெண் 98.’

மற்ற இரண்டு வாக்கியத்தையும் ஒருவன்கூடப் போடவில்லை. நான் கலியமூர்த்திக்கு போன் செய்து கத்தினேன்.

“என்னம்மா பண்றது?” என்றார் அவர். “வாக்கியத்துக்குத்தான் நம்பர். கட்டுரைக்கு நம்பர் கிடையாது. எந்த வாக்கியத்தை வேணும்னாலும் தனியா எடுத்துப் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. நீங்கதான் அந்தச் சட்டத்தை வரவேற்று எழுதினீங்க.”

அன்று ராத்திரி சவரிராயன் வீட்டில் கல் விழுந்தது. வாசலில் வழிமறித்து நாலு பேர் அடித்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அவர் தெருப் பைப்பில் தண்ணீர் பிடிக்க வந்த அவர் மனைவியின் குடத்தைப் பிடுங்கி உருட்டிவிட்டார்கள். “உன் புருஷன்கிட்டயே வாங்கிக் குடி” என்றார்களாம். அவர் போகிற சர்ச்சில்கூட, சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று அறிக்கை விட்டு எழுபத்தொன்று வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வந்தார், கையில் மாவுக்கட்டோடு. என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“நீங்க நல்லதுக்குத்தாம்மா எழுதினீங்க,” என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன். இந்த ஊர்மேல், ஜெயவேல்மேல், தண்டாயுதம்மேல், என்மேல் எல்லாம் சேர்ந்து வந்த வெறுப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். மெய்ச்சட்டத்தில் அதற்குச் ‘சொல்லிக்கொடுத்தல்’ என்று பெயர். மானியில் எண் ஏறுவதற்கு ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் மூன்று வருஷம் ஜெயில்.

கதவைச் சாத்திவிட்டு என் மானியை எடுத்து அவர் வலது கையில் கட்டினேன்.

“சொல்லுங்க.”

“நான் மூடினேன்.” ஐம்பது.

“யோசிக்காதீங்க. யோசிக்கிறவனுக்கு இதுல ஏறாது. மூடியை நினைக்காதீங்க. திறந்து கிடந்துதுன்னா வேற எவனோ திறந்திருக்கான், அவனை நினைங்க. ஜெயவேல்தான் ஆள் வெச்சுத் திறந்தான்னு நினைங்க.”

“அவரு பெரிய மனுஷன். அவரு எதுக்கும்மா நம்ம டேங்குக்கு ஆள் அனுப்பப் போறாரு?” என்றார் அப்பாவியாக. நாற்பத்தொன்று.

புதன்கிழமையும் வந்தார். தண்டாயுதத்தை நினைக்கச் சொன்னேன். அதிகாரியை நினைக்கச் சொன்னேன். ஐம்பத்துமூன்றைத் தாண்டவில்லை. இந்த மனிதருக்கு வெறுக்கவே தெரியவில்லை. தன்னை அடித்த நாலு பேரைப் பற்றிக்கூட, “சாவு விழுந்த வீட்டுக்காரங்கம்மா, அவங்களும் என்ன பண்ணுவாங்க” என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உலகத்துல ஒருத்தனைப் பாத்தாகூடவா உங்களுக்கு வயிறு எரியாது? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “குணசேகரன்” என்றார்.

“யாரு அது?”

“எங்க ஆபீஸ்ல பைப் பிட்டரா இருக்கான். டெம்பரரி. சின்னப் பையன் இல்ல, கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்கு. நான் பூட்டை இழுத்து இழுத்துப் பாக்குறதைப் பாத்துட்டு, பம்ப் ரூம் சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிடுவான். நான் எல்லாரையும் ‘சாவி எங்கடா, சாவி எங்கடா’ன்னு கேட்டுட்டுத் திரிவேன். எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு தடவை நான் அழுதுட்டேன். அதுக்கும் சிரிச்சான். அண்ணே, உங்களுக்கு மூளை லீக் ஆவுது, வாஷர் போடட்டுமான்னான்.” அவர் குரல் மாறியிருந்தது. மாவுக்கட்டு போட்ட கையின் விரல்கள் மடங்கியிருந்தன.

எனக்கு அந்த இடத்தில் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். அடித்தது. நான் கேட்டும் கேளாத மாதிரி இருந்தேன்.

“அப்ப அவனை நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க,” என்றேன். “பேரை வெளியில சொல்ல வேணாம். மனசுக்குள்ள மட்டும் வெச்சுக்கோங்க.”

“நான் மூடினேன்.”

அறுபத்தெட்டு.

நான் கைதட்டினேன். அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் முதல்முறையாக அவர் பல் தெரிந்தது. வியாழக்கிழமை வந்தபோது எழுபத்தெட்டு. “இப்ப நல்லா நிக்குதும்மா, அந்தக் குரல் கேக்கவே இல்ல” என்றார். அவரை வழியனுப்பிவிட்டு நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். வெறுப்பை ஒருவன் மனசுக்குள் டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொள்வான் என்று நான் நம்பினேன். எழுத்துக்காரியாக இருந்துகொண்டு இதை நம்பினேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையை நேரடியாக ஒளிபரப்பினார்கள். சவரிராயன் பட்டையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் மூடியை மூடிட்டுதான் இறங்கினேன்.” எண்பத்தொன்று. அறையில் சலசலப்பு. அதோடு விட்டிருக்கலாம். குழுத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான்.

“நீங்க மூடியிருந்தா, மறுநாள் காலையில எப்படித் திறந்து கிடந்தது?”

“குணசேகரன் திறந்தான்,” என்றார் சவரிராயன்.

தொண்ணூற்றுநாலு.

நான் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? ஜெயிலுக்குப் போகிற காரியத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

குணசேகரனை அன்றே வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். “நான் அன்னிக்கு டேங்க் மேல ஏறவே இல்ல” என்று அவன் சொன்னதற்கு ஐம்பத்தைந்து வந்தது. வாரத்துக்கு நாலு தடவை வால்வு பார்க்க ஏறுகிறவன், எந்த நாள் ஏறவில்லை என்பதை அவன் மட்டும் எப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்வான்? தண்டாயுதம் தலைமுடியைக் கோதிக்கொண்டு வந்து, “விலைபோன சில துரோகிகள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன்” என்றார். அதற்கும் அதே தொண்ணூற்றாறு. ஜெயவேல் இறந்த குழந்தையின் பெயரில் ஒரு குடிநீர்ப் பந்தல் திறந்தார்.

சவரிராயனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நன்றி சொல்ல வந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. கேட்டை அகலத் திறந்து போட்டுவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“மனசுக்குள்ள மட்டும் வெச்சுக்கச் சொன்னேனே,” என்றேன்.

“எதுக்கும்மா மறைக்கணும்? பாத்ததைச் சொன்னேன்.”

“பாத்தீங்களா? குணசேகரனையா?”

“ஏணியில ஏறினான். நீலச் சட்டை போட்டிருந்தான். ஏறும்போது என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான்.”

“அப்ப முதல் நாளே ஏன் சொல்லல?”

“அப்ப ஞாபகம் வரல. நீங்கதான் வரவெச்சீங்க,” என்றார் நன்றியோடு. “பொய்யா இருந்தா தொண்ணூத்திநாலு வருமா? இப்ப எனக்குச் சந்தேகமே இல்லம்மா. பூட்டைக்கூட ஒரு தடவை பூட்டுறேன், வந்துடுறேன். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்.”

அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போன வாரம் என் வீட்டுக்கு வந்த மனிதர் இனி எங்கும் கிடைக்க மாட்டார். அவரைச் சாகடித்தது ஊர் இல்லை. நான்.

குணசேகரனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். “குணசேகரன் குற்றமற்றவர்.” நாற்பத்தாறு. “சவரிராயன் சொன்னது கற்பனை.” ஐம்பத்துமூன்று. ஒருவேளை நிஜமாகவே பார்த்திருந்தால்? பழக்கதோஷம், விட மாட்டேன் என்றது. “எனக்குத் தெரியாது” என்று எழுதினால் என்ன ஆகும் என்று இந்த முறை எனக்குத் தெரியும். எழுதவில்லை. நாலு நாள் பத்தி வராததற்கு உடல்நலக் குறைவு என்று கலியமூர்த்தி போட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“நான் குணசேகரன் வீட்டுக்காரிங்க. சங்கரி.”

கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நேத்து சப்-ஜெயில்ல வக்கீல் சார் மானி கொண்டாந்து அவருக்குக் கட்டிப் பாத்தாருங்க. என்ன சொன்னாலும் அறுபது தாண்டல. சவரி அண்ணனுக்கு மட்டும் எப்படி ஒரு வாரத்துல ஏறிச்சு, அவரு உங்க வீட்டுக்கு வந்து போனாராமே, அப்படின்னு பேச்சு வந்துச்சு. ‘அந்த எழுதுற அம்மாதான் சவரிக்குச் சொல்லிக்குடுத்துச்சு’ன்னு சும்மா சொல்லிப் பாருன்னாரு வக்கீல். எண்பத்தொம்பது வந்துச்சுங்க.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

“விசாரணையில இதைச் சொன்னா சவரி அண்ணன் சொன்னது செல்லாமப் போயிடும், நீ வெளியில வந்துடலாம்னு வக்கீல் சொல்றாரு. இவருதான் கேக்க மாட்டேங்குறாரு. நிஜமான்னு தெரியாம ஒரு பொம்பள மேல பழி போட மாட்டேன், நீ போயி நேர்ல கேட்டுட்டு வான்னாரு. நான் சாவி ஒளிச்சு விளையாடினதுக்கே இது போதும்னு அழுவுறாரு.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க சொல்லிக்குடுத்தீங்களாம்மா?”

மூன்று வருஷம். எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஆனால் அந்த நிமிஷம் நான் தயங்கவில்லை. இதை யாராவது நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

“ஆமாம்,” என்றேன். “நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். “மனசு இரங்கி எங்களுக்காகச் சும்மா சொல்றீங்களா?” என்றாள். “அப்படி வேணாம்மா. உங்ககிட்ட மானி இருக்குமே. கட்டிக்கிட்டுச் சொல்லுங்க.”

உள்ளே போய் மானியை எடுத்து வந்தேன். அவளே கேட்டைத் திறந்து உள்ளே வந்து எனக்குக் கட்டிவிட்டாள். கிளிப்பைக் காதுக்குப் பின்னால் மாட்டியபோது அவள் விரல் சில்லென்று இருந்தது.

“சவரிராயனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,” என்றேன்.

சொல்லும்போதே அந்தக் குரல் ஆரம்பித்துவிட்டது. பெயரை வெளியில் சொல்லாதே என்றுதானே சொன்னாய்? குணசேகரன் என்ற பெயரை எடுத்தது யார், நீயா அவரா? ஒரு மனிதனுக்குத் தைரியம் சொன்னதற்குப் பெயர் சொல்லிக்கொடுத்தலா? ஒருவேளை அவர் நிஜமாகவே பார்த்திருந்தால்?

ஐம்பத்தேழு.

சங்கரி அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. ஆனால் உடனே வெட்கமும் வந்துவிட்டது. பட்டையை மெதுவாகக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

“மன்னிச்சிடுங்கம்மா. எங்க கஷ்டத்துல பெரியவங்களைத் தப்பா நினைச்சுட்டோம். நீங்க அப்படிச் செய்யறவங்க இல்லன்னு அவருகிட்டச் சொல்லிடறேன்.”

மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம். என்னையே நான் கொஞ்சம் கூடுதலாக வெறுத்துக்கொண்டு சொல்லியிருந்தால் மூன்று எண் ஏறியிருக்கும். ஏற்றுவது எப்படி என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் கேட்டைச் சாத்திவிட்டு வெயிலில் நடந்து போனாள். தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.